கோடாக்ரோம் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்தால் நீலம் மிகுவது ஏன்?

கேள்வி:
அப்பா 1970களில் கோடாக் நிறுவனத்தின் கோடாக்ரோம் வண்ண ஃபிலிமில் எடுத்த ஸ்லைடுகளை (ஒளி ஊடுருவும் படங்களை) ஸ்கேன் செய்து வருகிறேன். ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்க்கும்போது அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலை அன்று கண்டபடியே இருக்கிறது. கணினித் திரையிலோ அதன் மடிப்புகளின் நிழலெல்லாம் நீலம் பாரித்துவிடுகிறது. எவ்வாறு சரிசெய்வது?

மறுமொழி 1:
ஸ்லைடில் குறையில்லை, கவலைப்படாதீர்கள். கோடாக்ரோமின் சாயங்கள் மற்ற ஸ்லைடு ஃபிலிம்களின் சாயங்களிலிருந்து வேறுபட்டவை என்பதால், பிற ஃபிலிம்களுக்கான ப்ரொஃபைலை (ஸ்கேனர் படிக்கும் நிறங்களைச் சரியாக மாற்றித் தரும் கோப்பை) பயன்படுத்தினால் நீலம் மிகும். தானியங்கி வண்ணத் திருத்தத்தை அணைத்துவிட்டு, கோடாக்ரோமிலேயே தயாரான ஐடி8 வண்ண ஸ்லைடை (நிற அளவுகள் முன்கூட்டியே தெரிந்த கட்டங்கள் கொண்ட சோதனை ஸ்லைடை) ஸ்கேன் செய்து தனி ப்ரொஃபைல் உருவாக்குங்கள். 2009இல் அந்த ஃபிலிமின் உற்பத்தி நிறுத்தப்பட்டதால் அந்த ஐடி8 ஸ்லைடு கிடைப்பது அரிது என்பதுதான் வருத்தம்.

மறுமொழி 2:
கிடைக்காவிட்டால், 16 பிட்டில் (நிறங்களின் நுண்ணிய வேறுபாடுகளையும் பதியும் அமைப்பில்) ஸ்கேன் செய்து, படத்திருத்த மென்பொருளில் நிற அளவைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில் நிழற்பகுதியின் நீலத்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அதற்குமுன் நிறங்கள் சரியாகத் தெரியும்படி திரையை அளவீடு செய்துகொள்வது அவசியம்.