ஆனி பிறக்கும் வாரத்தில் நாகையும் தஞ்சையும்

டெல்டாவுக்கு எந்த மாதம் போகலாம் என்று யார் கேட்டாலும் ஜூன் நடுவில் போங்கள் என்றுதான் சொல்வேன். வெயில் கொளுத்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் கடலும் ஆறும் சேர்ந்து திறக்கின்றன. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. மேட்டூரில் தண்ணீர் இருக்கிற வருடமானால் ஜூன் 12-இல் குறுவை நெல் சாகுபடிக்குத் திறந்துவிடுவார்கள். மூன்று நான்கு நாளில் அது கல்லணைக்கு வந்துவிடும். நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்துவிட்டு ரயிலேறித் தஞ்சாவூருக்குப் போனால் இரண்டும் அடுத்தடுத்துக் கிடைக்கும். எனக்கு அப்படி வாய்த்தது.

நாகையில் என் மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் பைபர் போட் வைத்திருக்கிறார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். 14-ஆம் தேதி சாயங்காலமே அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். கடுவையாற்றில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. இரண்டு மாதமும் கரையில் சும்மா இருந்ததில்லை படகுக்காரர்கள். அடிப்பலகை பார்த்து, என்ஜினைப் பிரித்துப் போட்டு, பெயிண்ட் அடித்து, வலையைக் கோத்து முடித்திருந்தார்கள். இப்போது ஐஸ் ஏறுகிறது, டீசல் ஏறுகிறது, அரிசி, காய்கறி, குடிதண்ணீர் எல்லாம் ஏறுகிறது. படகின் முன்முனையான அணியத்தில் மாலை, கற்பூர வாசனை. கரையில் நின்ற பெண்கள் கையசைக்கவில்லை. "சாப்பாட்டுத் தூக்கு எடுத்தாச்சா", "மாத்திரை வச்சிருக்கியா" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது நாகை மாவட்டம். அந்தக் கரையில் அந்த அதட்டலைக் கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நள்ளிரவு தாண்டியதும் என்ஜின் சத்தம் கரையெல்லாம் எழுந்தது. நாங்கள் கிளம்பியது அதற்குப் பிறகு, விடியலுக்கு முன். தடை விசைப்படகுகளுக்குத்தான், அண்ணன் மாதிரி பைபர் போட்காரர்கள் கரையோரமாகத் தொழில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். "இந்த ரெண்டு மாசம் எங்க மீனுக்குத்தான் தம்பி விலை. இன்னும் நாலஞ்சு நாள்ல அவங்க பிடிச்ச மீன் கரைக்கு வந்துரும், விலை இறங்கிரும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவருடைய தம்பியே அந்த விசைப்படகு ஒன்றில்தான் போயிருந்தார்.

முந்தின மாலை ஐந்தாறு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் விட்டிருந்த நண்டு வலை. மிதவையைப் பிடித்து வாங்க ஆரம்பித்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. அலையோடு படகு ஏறி இறங்க, ஒருவர் வலையை வாங்க, அண்ணன் நண்டு கழற்றினார். நான் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்டு கொடுக்கால் நூலைக் கவ்விக்கொண்டு விடாது. இழுத்தால் கால் ஒடியும், கால் ஒடிந்த நண்டுக்கு விலை பாதி. அவர் இழுக்கவே இல்லை. பின்பக்கமாகக் கட்டைவிரலை வைத்து முதுகோட்டை அமுக்கி, நூலைக் கொஞ்சம் தளரவிட்டு, அது பிடியை விடும் அந்த நொடிக்குக் காத்திருந்து எடுத்தார். விரல் நுனியெல்லாம் பழைய வெட்டுத் தழும்பு. ஒரு நண்டின் வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை திரண்டிருந்தது. அதை எடை போடும் கூடையில் போடாமல் தண்ணீரில் விட்டார். "சினை. இதையும் எடுத்தா அப்புறம் எதைப் பிடிக்கிறது?" அரசு தடைக்காலம் வைத்திருக்கும் காரணமும் அதுதானே, மீன் இனம் பெருகட்டும் என்று.

பிடித்ததைக் கடலுக்கே திருப்பி விடுவது நாகைக்குப் புதிதல்ல. அறுபத்துமூவரில் அதிபத்தர் இந்த ஊர்க் கடலோடி; தினமும் பிடிக்கிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். வறுமை முற்றி ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் அதை விட்டார், பொன்மீன் அகப்பட்டபோதும் விட்டார் என்பது வரலாறு. ஆவணி மாதம் படகில் போய்ப் பொன்மீனைக் கடலில் விடும் விழா இன்றும் நடக்கிறது.

கரை சேர்ந்ததும் நண்டு ஏலத்துக்குப் போய்விட்டது. வலையில் கூடவே வந்த கிழங்கான் மீனைக் குழம்பு வைத்தார்கள். அண்ணி வைத்த அந்தக் குழம்பைப் பற்றி எழுதினால் இதிலேயே நின்றுவிடுவேன்.

மறுநாள் காலை தஞ்சாவூர் ரயில். இந்தப் பாதையில் ஜன்னலோரம் உட்காருங்கள். கீழ்வேளூர் பக்கம் வயல் வெடித்துக் கிடந்தது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை அது, நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, போர் போட்டாலும் பயிருக்கு ஆகாது. ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் விதை. கொரடாச்சேரி தாண்டி நீடாமங்கலம் நெருங்க நெருங்க நாற்றங்கால் பச்சையாகத் தெரிகிறது, டிராக்டர் சேறடிக்கிறது. அங்கே போர்செட் கைகொடுக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் போனில் யாரிடமோ, "வாய்க்கா தூர்வாரியாச்சா, அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் படகில் சொன்னது நினைவுக்கு வந்தது: ஆற்றுத் தண்ணீர் கடலில் விழுந்தால்தான் முகத்துவாரம் தூராமல் இருக்கும், இறாலும் கரைக்கு நெருங்கி வரும். கடலில் கலப்பதை வீண் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தப் படகில் ஏறிப் பேச வேண்டும்.

தஞ்சாவூரில் கூட்டம் என்றால் கூட்டம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காலையிலேயே விதைநெல், உரம் வாங்க வந்தவர்கள். பெரிய கோயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல. சாயங்காலம் போய் வெளிப் பிராகாரத்துப் புல்தரையில் உட்காருங்கள், ஊரே அங்கே வந்து உட்காரும். ஒன்று மட்டும். 1010-இல் அதைக் கட்டி முடித்த ராஜராஜன்தான், கடல் கடந்து சுமத்ரா பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன். கடலிலிருந்து வந்த கையோடு அந்தக் கோயில் விமானத்தைப் பார்க்கும்போது இரண்டு ஊரும் ஒரே ஊராகத் தெரிந்தன.

கோயிலை ஒட்டி ஓடுவது கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்களுக்குப் புது ஆறு, 1934-இல் மேட்டூர் அணையோடு வந்தது. கல்லணை திறந்தாயிற்று என்று காலையிலிருந்தே பேச்சு. தண்ணீர் வந்தபோது பாலத்துக் கைப்பிடியில் இடமில்லை. முதலில் வருவது தண்ணீரே அல்ல. சருகு, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக், அழுக்கு நுரை. அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் செந்தண்ணீர். சில பெண்கள் பூத் தூவிக் கும்பிட்டார்கள். பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு கரையோரமாகவே தண்ணீரோடு ஓடினார்கள்.

ராத்திரி கீழவாசல் மீன் மார்க்கெட் வழியாக நடந்தேன். ஐஸில் கூறு கட்டியிருந்த சங்கரா, நண்டு எல்லாம் இன்னும் தடைக்கால விலைதான். "நாகை மீன் ரெண்டு நாள்ல எறங்கும் சார், அப்ப வாங்க" என்றார் விற்ற அம்மா.

போக நினைப்பவர்களுக்கு: விசைப்படகில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்காதீர்கள், அது பல நாள் தங்கல், அவர்களுக்குப் பெரும் தொல்லை. பைபர் போட்டிலும் தெரிந்தவர் மூலமாக, லைஃப் ஜாக்கெட்டோடு. காற்று எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றைக்குக் கடலை மறந்துவிட்டு நாகூர் தர்காவுக்குப் போய்வரலாம். அங்கேயிருக்கிற பெரிய மினாராவும் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக் கொடுத்ததுதான். மேட்டூர் திறப்புச் செய்தியைப் பார்த்த பிறகு ரயில் டிக்கெட் போடுங்கள். தண்ணீர் இல்லாத வருடங்களில் திறப்பு ஜூலை, ஆகஸ்ட் என்று தள்ளிப்போய்விடுகிறது.