நாகலூர் வீட்டுக் கோழி குரூப்

காவேரி: எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்கு பத்து வார நாய்க்குட்டி ஒண்ணு வந்திருக்கு, சிப்பிப்பாறை கலப்பு. வெளிய 9 சிறுவிடை நாட்டுக்கோழி மேயுது. கோழியைத் துரத்தாம இருக்க எப்படிங்க பழக்கறது?

முருகேசன்: முதல்ல கயிறும்மா. வாசப்படி தாண்டினா 10 அடி கயிறு இருக்கணும். அதையும் நெஞ்சைச் சுத்திப் போடற ஹார்னஸ்ல மாட்டுங்க, கழுத்துப் பட்டைல வேண்டாம். எகிறி ஓடினா கழுத்து சுண்டிக்கும். ஒரு தடவைகூட துரத்த விட்றாதீங்க. கடிச்சாத்தான் ருசி கண்டுக்கும்னு நெனைக்கறோம், நாய்க்கு ருசியே ஓடறதுலதான். கோழி றெக்கை அடிச்சுப் பறந்துச்சுன்னா அதுவே அதுக்குத் தீனி. சிப்பிப்பாறை கண்ணால வேட்டையாடற ஜாதி வேற.

மேரி அக்கா: காபிச் செடிக்குள்ள பழக்காதே கண்ணு. கயிறு தூர்ல சுத்திக்கும், கோழியும் திடீர்னு கெளம்பும். காபி காயப்போடற களம் நல்லது. சாதுவான பெட்டை ஒண்ணைப் பஞ்சாரத்துல கவுத்து, ஒரு கை கம்பு தானியம் போட்டுடு. கொத்திட்டே இருந்தா படபடக்காது. 20 அடி தள்ளிக் குட்டியோட உக்காரு. பாக்கறதைத் தடுக்காதே. பேர் சொல்லிக் கூப்பிடு, உன் மூஞ்சியைத் திரும்பிப் பாத்த அந்த நொடி அவிச்ச ஈரல், பட்டாணி அளவு. 5 நிமிஷம் போதும், நாளைக்கு 3 தடவை. பத்துக்கு எட்டு தடவை திரும்புச்சுன்னா மறுநாள் 3 அடி கிட்டப் போ. திரும்பலையா, தூரம் பத்தலை, பின்னால வா.

காவேரி: எந்த நேரம் பாத்துக் கூப்பிடணும்க்கா?

மேரி அக்கா: வாயைப் பாரு. தொங்கிட்டிருந்த நாக்கு உள்ள போய் வாய் சட்டுனு மூடும். காது முன்னால வரும், வால் ஆடறது நிக்கும், ஒரு முன்னங்கால் லேசா தூக்கும். வாய் மூடினதுமே கூப்பிட்டுடணும். கால் தூக்கிட்டா நம்ம சத்தம் ஏறாது. கத்தாம கயித்தோட திரும்பி நடந்துடு.

பெரியசாமி ஐயா: செத்த கோழியைக் கழுத்துல கட்டிவிட்டா அப்புறம் தொடாதுன்னு சொல்வாங்களே?

முருகேசன்: வேண்டாங்கய்யா. எதுக்குக் கட்டினாங்கன்னே நாய்க்கு விளங்காது, நாத்தமும் கிருமியும்தான் மிச்சம். அடிச்சாலும் நாம நிக்கறப்ப மட்டும் தொடாது.

செல்வம்: நேரமும் பாருங்க. காலைல கூண்டு திறந்ததும் கோழிங்க ஒரே பாய்ச்சலா இருக்கும். அடையப் போற நேரம் பறந்து பறந்து ஏறும். 11 மணிக்கு மேல மண்ணுல குளிச்சுட்டுப் படுத்திருக்கும், அப்ப பழக்குங்க. அறுகோணக் கோழி வலை நாய்க்குத் தாங்காது, கடிச்சே பிரிச்சுடும். அரை இஞ்ச் கண்ணு வெச்ச வெல்டு மெஷ் கம்பி வலை போட்டு, 1 அடி மண்ணுக்குள்ள இறக்குங்க.

காவேரி: பஞ்சாரத்தை எப்பங்க எடுக்கறது?

முருகேசன்: 3 அடில குட்டி சும்மா படுத்துட்டா எடுக்கலாம், கயிறு கையிலயே இருக்கட்டும். கயிறில்லாம விட அவசரப்படாதீங்க. ஒண்ணரை வயசு வரைக்கும் ஆளில்லாம கோழியோட விடக்கூடாது. ஏழெட்டு மாசத்துல, பழகினதுகூட திரும்பத் துரத்தும்.

மேரி அக்கா: கோழித் தீவனத்தை எட்டாத இடத்துல வை. சிலதுல ரத்தக்கழிச்சல் மருந்து கலந்திருக்கும், அதுல சில மருந்து நாய்க்கு விஷம்.

காவேரி: ஒரு பெட்டை குஞ்சோட இருக்குங்க. அதைக் கவுக்கலாமா?

மேரி அக்கா: அதை மட்டும் கவுக்காதே. குஞ்சு பெருசாகற வரைக்கும் குட்டியை அது பக்கமே விடாதே கண்ணு. தாய்க்கோழி நேரா கண்ணைப் பாத்துக் கொத்தும்.