துருவ வானை அளக்கும் ராடார்: உங்கள் உதவி தேவை

உறவுகளே, வணக்கம். களுவாஞ்சிக்குடியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். துருவப் பகுதிகளின் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியான துருவ ஒளியைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவ்வளவு உயரத்தில் நடப்பதைத் தரையிலிருந்து எப்படி அளக்கிறார்கள், சேர்?"

நோர்வேயில் ட்ரொம்சோவுக்கு அருகிலும், 1996 முதல் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான சுவால்பார்ட்டிலும் இயங்கிய ஐஸ்காட் (EISCAT) என்ற ஆய்வு அமைப்பின் ராடார்களைப் பற்றிச் சொன்னேன். வலிமையான வானொலி அலையை மேலே அனுப்பினால், அயன்களும் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) இலத்திரன்களும் நிறைந்த உயர் வளி அடுக்கான அயன மண்டலத்து இலத்திரன்கள் அதில் மிகமிகச் சிறு பங்கைச் சிதறச் செய்து திருப்புகின்றன. அந்த மெல்லிய எதிரொலியின் நிறமாலையிலிருந்தே (அதன் வலிமை அதிர்வெண்களில் பரவியிருக்கும் விதத்திலிருந்தே) இலத்திரன் அடர்த்தியும் வெப்பநிலையும் அயன்கள் நகரும் வேகமும் கிடைக்கின்றன. 100 கிலோமீற்றர் உயரத்தில் பலூன் எட்டாது, செயற்கைக்கோளும் நிலைக்காது. அதனால்தான் இந்த முறை எனக்கு இவ்வளவு வியப்பைத் தருகிறது.

அடுத்த மாதக் கண்காட்சியில் இதை வைக்கப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். இத்தகைய அளவீடுகளைச் சேமித்து வைக்கும் மட்ரிகல் (Madrigal) தரவுத்தளத்திலிருந்து துருவ ஒளி தோன்றிய ஓர் இரவின் அளவீடுகளை எடுத்து, உயரமும் நேரமும் கொண்ட வரைபடமாக்க யாராவது கற்றுத்தர முடியுமா? பைதான் (Python) கணினி மொழி தெரிந்தவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். வடநோர்வேயில் வாழும் நம்மவர்கள் யாரேனும் இருந்தால், அந்த அலைவாங்கிகளைப் படமெடுத்து அனுப்புங்கள். பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கிறார்கள்.