டான் கார்லிட்ஸ் அருங்காட்சியகம்: நேரில் சந்தித்தால் அந்த விபத்தைப் பற்றிக் கேட்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் பணி நிமித்தமாகப் புளோரிடா செல்கிறேன். இடையில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வை, ஓக்காலா நகருக்கு அருகே 75ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள டான் கார்லிட்ஸ் டிராக் பந்தய அருங்காட்சியகத்தில் கழிக்க விரும்புகிறேன். குறுகிய நேர்ப்பாதையில் வண்டிகள் சீறிப் பாயும் பந்தயமே டிராக் பந்தயம். 'பிக் டாடி' என்று பந்தய உலகம் அழைக்கும் ஓட்டுநரான கார்லிட்ஸ் 1932இல் பிறந்தவர். வயது தொண்ணூறைக் கடந்துவிட்ட அவரை நேரில் காணும் பேறு கிடைத்தால், 1970இல் அவருடைய வலது பாதத்தின் முன்பகுதியைப் பறித்த விபத்தைப் பற்றிக் கேட்பது முறையாகுமா, அல்லது பழைய காயத்தைக் கிளறுவதாகிவிடுமா? அங்குள்ள வண்டிகளில் எதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

தாராளமாகக் கேட்கலாம். மருத்துவமனையில் படுத்திருந்தபடியே அடுத்த வண்டியைத் திட்டமிட்ட கதையை அவரே பொதுமேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்பதற்கு முன் அந்த வண்டிகளின் அமைப்பைப் புரிந்துகொண்டு செல்லுங்கள். அப்போதுதான் அவர் சொல்லும் விடையின் அருமை விளங்கும்.

அங்கே 'ஸ்வாம்ப் ராட் 1' என்ற வண்டி இருக்கிறது. கார்லிட்ஸ் தம் வண்டிகளுக்கு இட்ட வரிசைப் பெயர் அது. 1957இல் புளோரிடாவின் ப்ரூக்ஸ்வில் ஓடுதளத்தில் மணிக்கு 176.40 மைல் வேகத்தைத் தொட்ட வண்டி இது. இதன் பின்புறம் சென்று ஓட்டுநர் இருக்கையைக் குனிந்து பாருங்கள். எஞ்சின் முன்னால் இருக்க, ஓட்டுநரோ பின் அச்சுக்கும் பின்னால், கவணில் வைத்த கல்லைப் போல உட்கார்ந்திருப்பார். அதனாலேயே இவ்வகை வண்டிகளுக்கு 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர் வந்தது. எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் இறங்குவதால் டயர்களுக்கு நல்ல பிடிப்புக் கிடைத்தது. ஆனால் அதற்கு ஓட்டுநர் கொடுத்த விலை பெரிது. இரு கால்களையும் அச்சுப்பெட்டியின் இருபுறமும் போட்டுக்கொண்டு அவர் அமர வேண்டும். எஞ்சின் வெடித்தால் நெருப்பும் எண்ணெயும் நேராக அவர் முகத்துக்கே வரும். பாதங்களின் அருகே உள்ள கியர்பெட்டி வெடித்தால் பாதங்கள் போகும். 1970 மார்ச் 8ஆம் நாள் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில், 'ஸ்வாம்ப் ராட் 13' புறப்பட்ட அந்த நொடியில் கியர்பெட்டி வெடித்து வண்டியையே இரண்டாக அறுத்தபோது நடந்ததும் அதுதான்.

அடுத்து 'ஸ்வாம்ப் ராட் 14' வண்டிக்கு முன் நில்லுங்கள். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோன வண்டி அது. தொடக்கத்தில் வேகம் கூடக் கூட அது நேர்க்கோட்டில் நில்லாமல் அலைந்தது. ஸ்டீரிங் மிகக் கூர்மையாகத் திரும்பியதே காரணம் என்று கண்டறிந்து, சக்கரத்தை அதிகம் சுழற்றினால்தான் முன்சக்கரம் சிறிது திரும்பும் என்னும்படி அதன் விகிதத்தை மாற்றிய பிறகு வண்டி பணிந்தது. 1971இல் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் போட்டியை அதே வண்டியில் வென்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்றிருந்தபோது அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. விபத்தைப் பற்றிக் கேட்காமல் ஸ்டீரிங்கைப் பற்றிக் கேட்டேன். உடனே இரு கைகளையும் தூக்கி, இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்துச் சிறிதாகவும் பின்பு பெரிதாகவும் திருப்பிக் காட்டினார். அந்தக் கைகளின் அசைவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் எழுதியது சரி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த விரும்புகிறேன். எஞ்சினைப் பின்னால் வைத்த முதல் மனிதர் கார்லிட்ஸ் அல்லர். அவருக்கு முன்பே சிலர் முயன்று கைவிட்டிருந்தார்கள். அந்த அமைப்பைத் தொடர்ந்து வெல்லும் வண்டியாக ஆக்கிக் காட்டியதே அவர் பெருமை. அதைக் கண்ட பிறகு சில ஆண்டுகளுக்குள் 'டாப் ஃப்யூயல்' என்னும் மிக வேகமான வண்டிகளின் பிரிவில் முன்எஞ்சின் வண்டிகள் வழக்கொழிந்தன. எத்தனை ஓட்டுநர்களின் உயிரையும் முகத்தையும் அந்த ஒரு மாற்றம் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், 1964இல் அவர் கடந்த மணிக்கு 200 மைல் எல்லையைவிட இதையே பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

விபத்தைப் பற்றிக் கேட்பதானால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். அன்று தெறித்த துண்டுகளால் பார்வையாளராக நின்ற இளைஞர் ஒருவரும் படுகாயமடைந்தார். பரபரப்பான கதையாக எண்ணிக் கேட்காமல், அந்த நாளின் பாரத்தை அறிந்தவராகக் கேளுங்கள்.

மூன்றாம் மறுமொழி

மார்ச் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓக்காலாவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கெய்ன்ஸ்வில்லில் கேட்டர்நேஷனல்ஸ் டிராக் பந்தயப் போட்டி வழக்கமாக மார்ச்சில்தான் நடைபெறும். நாள் பொருந்தினால் அதையும் விட்டுவிடாதீர்கள். 1986இல் அங்கேதான் 'ஸ்வாம்ப் ராட் 30' மணிக்கு 272.56 மைல் வேகத்தில் ஓடியது. அந்த வண்டியை ஓக்காலாவில் தேட வேண்டாம். அது அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டுவிட்டது.

போட்டிக்குக் காதடைப்பான் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இவ்வண்டிகளின் எரிபொருளான நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவைப்படும் இடத்தில் அதற்கு ஏறத்தாழ 1.7 பங்கே போதும். அதே காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்க முடிவதால் எழும் ஓசை காதில் மட்டுமன்றி நெஞ்சுக்கூட்டிலும் அதிரும். புகை கண்ணைக் கரிக்கும். காட்சிக்கூடத்தில் அமைதியாக நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு அங்கே சென்றால்தான், அந்த ஒடுங்கிய இருக்கையில் உட்கார எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்பது புரியும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நாள் எது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு புறப்படுகிறேன். சந்திக்க நேர்ந்தால் நானும் ஸ்டீரிங்கிலிருந்தே தொடங்குகிறேன். விபத்தைப் பற்றி அவராகப் பேசினால் கேட்டுக்கொள்வேன். 2019இல், 87ஆம் வயதில், மின்சார வண்டியில் 189 மைல் வேகத்தில் ஓடியவர் அவர் என்பதால், அந்த வண்டியைப் பற்றியும் கேட்க ஆவலாக இருக்கிறது. திரும்பி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.