தந்தி வந்து ராத்திரி ரயில்ல போற கதை, பேர் யாருக்காச்சும் தெரியுமா?

வளவுவாசி:
பள்ளத்தூர்ல எங்க ஆயா வீட்டு ரெண்டாங்கட்டுல பைண்டு பண்ண பழைய கதைப் புத்தகம் ஒண்ணு கெடந்துச்சு. மொத பக்கமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு, எழுதினது யாருன்னே தெரியாது. லீவுக்குப் போனா ஆயா கண்ணு தெரியலம்பாக, நாந்தான் வாசிச்சுக் காட்டணும். அதுல ஒரு கதை, புருஷனுக்கு முடியலன்னு ரங்கூன்ல இருந்து தந்தி வருது, அந்தப் பொண்ணும் கூடப் பொறந்தவனும் ராத்திரி பூரா ரயில்ல போறாக, அதுக்கு மேல சுத்தமா ஞாபகம் இல்ல. "ரங்கூன் தந்தி சிறுகதை"ன்னு ஒரு வாரமா தேடுறேன், பர்மா வரலாறா வருது. வீட்ட வித்தாச்சு, புத்தகம் எங்கன்னு கேக்காதீக.

பழையபேப்பர்:
இன்டர்நெட் ஆர்கைவ் (archive.org) தளத்துலயும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துலயும் ஸ்கேன் நெறைய இருக்கு, ஆனா முக்காவாசி வெறும் படம், உள்ள இருக்க வார்த்தைய தேட முடியாது. 1978க்கு முந்தி அச்சானதுன்னா பழைய லை, னை எழுத்து வேற, மிஷின் தப்பா படிச்சு வைக்கும். கடைசி வழி ரோஜா முத்தையா நூலகம். அவுக நம்ம கோட்டையூர்க்காரவுகதான், அவுக சேத்த பொஸ்தகத்தப் பாக்க நாம சென்னை தரமணிக்கு பஸ் ஏறணும், என்னத்த சொல்ல.

முகப்புத்திண்ணை:
அண்ணே, ரங்கூனுக்கு ராத்திரி ரயில்ல எப்படிண்ணே போறது, கப்பல்ல இல்ல போகணும்? அத தூக்கிப் போட்டுட்டுப் பாருங்க. எனக்கென்னமோ பழைய எழுத்தாளர் கு.ப.ரா. (கு.ப.ராஜகோபாலன்) எழுதின "விடியுமா?"ங்கிற சிறுகதைன்னு தோணுது. தந்தி பட்டணத்துல இருந்து வரும், அதுல "டேஞ்சரஸ்"னு இருக்கும். இந்த மாதிரி தேடுறப்ப கதைச் சுருக்கத்த போடாதீங்க, கதைக்குள்ளயே வர்ற வித்தியாசமான ஒரு வார்த்தைய மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, டக்குனு மாட்டும். அவரு 1944லயே போயிட்டாரு, 60 வருஷம் தாண்டினதால உரிமைப் பிரச்சினையும் இல்ல, நெட்லயே முழுசா படிக்கலாம். முடிவ நான் சொல்லமாட்டேன்.

வளவுவாசி:
அதேதான்!! டேஞ்சரஸ்ங்கிறத பாத்ததும் ஒடம்பு சிலுத்துப்போச்சு, ஆயா அத "டேஞ்சரசு"ன்னு இழுத்துச் சொல்லுவாக. ரங்கூன் எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு அம்மாட்ட கேட்டேன். ஆயாவோட அப்பச்சி, அதான் அவுக அப்பா, ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (தொழில் பாக்க) போனவுகளாம், திரும்பி வரல, தந்திதான் வந்துச்சாம், ஆயாவுக்கு அப்ப 9 வயசு. நான் தந்திய வாசிச்சு ரயில் ஏறுற வரைக்கும் வந்ததும் "போதும்ப்பா, மூடி வையி"ன்னுட்டு அவுக கதைய ஆரம்பிச்சிருவாக. முடிவு மறந்து போச்சுன்னுல்ல நெனச்சேன், நான் வாசிச்சதே இல்ல. நேத்து ராத்திரிதான் முழுசா படிச்சேன்.

பழையபேப்பர்:
லிங்க்க இங்கயே போட்டு விடுங்கப்பு, நாங்களும் படிக்கிறோம்.