உலோகம் மிகுந்த மண்ணில் காட்டுச் செடிகள் பிழைப்பது எப்படி?

கேள்வி:
பழைய சுரங்கக் கழிவுமேடுகளில் பிற செடிகள் வெளிறிக் கருகும்போது, சில புல்வகைகள் மட்டும் தழைத்து நிற்கின்றன. அவை கன உலோகத்தை உள்ளே விடுவதில்லையா, உள்வாங்கியும் பிழைக்கின்றனவா?

மறுமொழி 1:
இரண்டும் உண்டு. பெரும்பாலானவை உலோகத்தை வேரிலேயே தடுத்துவிடுகின்றன. அதையும் மீறிக் காட்மியம் நுழைந்தால், செல்லானது தன்னிடமுள்ள குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறிலிருந்து ஃபைட்டோகெலாட்டின் என்னும் சிறு பெப்டைடை (அமினோ அமிலச் சங்கிலியை) உருவாக்கி, உலோகத்தை அதனுடன் பிணைத்து வாக்குவோல் என்னும் தன் சேமிப்புப் பைக்குள் அடைத்துவிடுகிறது.

மறுமொழி 2:
ஆனால், உலோகத்தை இலைகளில் மிகுதியாகச் சேர்க்கும் தாவரங்கள் அந்தப் பெப்டைடைப் பெரிதும் நம்பியிருப்பதில்லை. நிக்கலைச் சிட்ரேட், ஹிஸ்டிடின் போன்ற எளிய மூலக்கூறுகளே கட்டிவைக்கின்றன. உலர்ந்த இலையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் நிக்கல் இருந்தாலே அத்தாவரத்தை இவ்வகையில் சேர்ப்பார்கள். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா மரத்தின் பாலிலோ, உலர் எடையில் ஏறத்தாழ 25 விழுக்காடு நிக்கல்! அந்தப் பால் நீலப்பச்சையாக இருப்பதும் அதனால்தான்.

கேட்டவர்:
இவ்வளவு நஞ்சைச் சேர்த்து வைப்பதால் மரத்துக்கு என்ன பயன்?

மறுமொழி 3:
இலைதின்னிப் பூச்சிகளை விரட்டுவதற்காக என்பது பரவலான கருதுகோள். எல்லாத் தாவரங்களுக்கும் அது பொருந்தும் என்று நான் கருதவில்லை. நீங்கள் கண்ட புற்களின் கதை வேறு: சாதாரணப் புல்வெளியிலும் உலோகத்தைத் தாங்கும் மரபணு வேறுபாடுள்ள செடிகள் மிகச் சில இருக்கும், கழிவுமேட்டில் அவை மட்டுமே எஞ்சி விதையிடுகின்றன.