ரெசின் பகடை அச்சு: சிலிகானின் உள்பக்கம் மட்டும் இறுகவில்லை

கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் ரெசினில் 20 முகப் பகடை செய்கிறேன், அதற்கு ஒரு மாதிரிப் பகடையைச் சுற்றிச் சிலிகான் ஊற்றி அச்சு எடுத்தால் வெளிப்பக்கம் ரப்பர் மாதிரி நன்றாக இறுகிவிடுகிறது, ஆனால் மாதிரிப் பகடையைத் தொடும் உள்பக்கம் 3 நாள் ஆனாலும் பிசுபிசு என்று ஒட்டுகிறது. 3 வாரத்தில் 4 அச்சு வீண்.

பிளாட்டினம் வகை சிலிகான் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது), இரண்டு பாகத்தையும் 1:1, தராசில் எடை போட்டுத்தான் கலக்கிறேன். மாதிரி, ஓசூரில் யுவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகும் ரெசின்) 3டி பிரிண்டரில் எடுத்தது. அதே டப்பா சிலிகானைப் பழைய லூடோ பகடை மேல் ஊற்றினால் அருமையாக இறுகுகிறது, அதனால் சிலிகான் மேல் சந்தேகம் இல்லை.

மாதிரியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, 2 நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, கடைசியில் நெயில் பாலிஷ் கூட அடித்துப் பார்த்தாயிற்று (வீட்டில் திட்டு தனி). இந்தச் சிலிகானை இறுகவிடாமல் தடுக்கும் கந்தகக் களிமண், லேடெக்ஸ் கையுறை எதையும் கிட்டே சேர்க்கவில்லை. டின் வகை (வெள்ளீய வினையூக்கியால் இறுகும்) சிலிகானுக்கு மாறலாம்தான், ஆனால் அது நாளாக ஆகச் சுருங்கும், முகம் கோணிய பகடையை வைத்து என்ன செய்வது?

இந்த மாதிரியின் மேல் எதைப் பூசினால், விளிம்பும் எண்களும் மழுங்காமல், பிளாட்டினம் சிலிகான் முழுதாக இறுகும்?